கை கழன்ற நேரம்

கல்லுமுனையில் வாந்திபேதிக்கு முதல் ஆள் செத்து, அவரைப் புதைத்துவிட்டு வந்து, குளித்து, வெறும் காப்பி குடித்து, படுத்து எழுந்த காலையில், இறால் கம்பெனியில் ஓடு உரிக்கிற பெண்கள் எல்லோருக்கும் உள்ளங்கையில் முடி முளைத்திருந்தது. முடி என்றதும் தலைமுடி மாதிரி கறுப்பாக நினைத்துக்கொள்ள வேண்டாம். வெண்டைக்காய் மேல் சுணை இருக்குமே, அதுபோல வெள்ளையாக, மெலிசாக, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் மட்டும் தெரிகிற மாதிரி, விரல் நுனியிலிருந்து மணிக்கட்டு வரை அடர்ந்திருந்தது. செலஸ்தீனா பானைக்குள் விட்ட கையை எடுத்தபோது பானையும் கூடவே வந்தது. பானையோடு வெளியே வந்து, பக்கத்து வீட்டு ஞானப்பூவைப் பார்த்து, "ஏட்டி, உனக்குமா?" என்று கேட்டாள்.

"எனக்குந்தான் மைனி. வாளியத் தூக்கினேன், வாளியோடத்தான் நிக்கேன்" என்றாள் ஞானப்பூ. இரண்டு பேரும் சிரித்தார்கள். அதற்குள் கம்பெனி சங்கு ஊதிவிட்டதால் மேற்கொண்டு ஆச்சரியப்பட அவர்களுக்கு நேரம் இருக்கவில்லை.

கடலுக்கும் உப்பளத்துக்கும் நடுவில் மிச்சமாகக் கிடந்த மண்ணில் ஊர் உட்கார்ந்திருந்தது. ஆண்கள் மாதக்கணக்கில் கேரளத்து விசைப்படகுகளில் கிடந்தார்கள். பெண்கள் இறால் கம்பெனிக் கொட்டகையில் ஐஸ் தண்ணீருக்குள் கைவிட்டு, தலை கிள்ளி, ஓடு உரித்து, முதுகு நரம்பை உருவிக்கொண்டிருந்தார்கள். ஓடு கழுவிய தண்ணீர் போகிற சாக்கடைக்கு அடியில்தான் ஊருக்குக் குடிதண்ணீர் வருகிற குழாய் போயிற்று. குழாய் எங்கே உடைந்திருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும், கம்பெனிக்கும் தெரியும், தெரிந்த விஷயத்தை எதற்குத் திரும்பத் திரும்பப் பேச வேண்டும் என்று ஒருவரும் பேசுவதில்லை.

முடியைச் சிரைத்துப் பார்த்தார்கள், மறுநாள் முளைத்தது. மண்ணெண்ணெய் தடவினார்கள், மண்ணெண்ணெய்ப் புட்டி கையோடு ஒட்டிக்கொண்டது. இரண்டு மூன்று நாளில் அதன் குணம் பிடிபட்டுவிட்டது: ஈரம் உள்ள எதையும் அது பிடித்துக்கொள்ளும், ஈரம் காய்ந்தால் தானாக விட்டுவிடும். அதற்கப்புறம் கல்லுமுனை அந்த முடியோடு வாழப் பழகிக்கொண்டது. குடத்தோடு ஒட்டிக்கொண்டவர்கள் வெயிலில் போய் நின்றார்கள். கொட்டகையில் சூப்பர்வைசர் பிலவேந்திரன் இரண்டு பெரிய ஃபேன் வாங்கி வைத்தான். வழுக்காமல் உரிக்கிற கை கிடைத்த சந்தோஷத்தில் அவனுக்குத் தலைகால் புரியவில்லை. உரித்து முடித்ததும் பெண்கள் ஃபேனுக்கு முன்னால் கையை நீட்ட, முடி படிய, இறால் ஒவ்வொன்றாகத் தட்டில் விழும். கோயில் வாசலில் தீர்த்தத் தொட்டியில் விரல் வைத்தவர்கள் தொட்டியோடு பூசைக்குள் வந்ததால், பங்குச்சாமியார் பக்கத்தில் ஒரு துண்டைத் தொங்கவிட்டார். தண்ணீர்க் குழாயடியில் ஒருத்தி கை ஒருத்தி மேல் பட்டு, அவள் கை இன்னொருத்தி மேல் பட்டு, திராட்சைக் குலை மாதிரி ஏழெட்டுப் பேர் சேர்ந்தே வீடு வீடாகப் போனார்கள். வருஷக்கணக்கில் பேசாமல் இருந்த இரண்டு ஓரகத்திகள் மழை நாளில் அப்படி ஒட்டிக்கொண்டு, பொழுது சாயும்வரை பிரிய முடியாமல், வேறு வழியில்லாமல் பேசி, பழைய சண்டையைப் புதிதாக மறுபடி போட்டார்கள்.

இதற்கிடையில் வாந்திபேதி தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. சுகாதார நிலையத்திலிருந்து ஒரு டாக்டரம்மா ஜீப்பில் வந்தாள். சின்ன வயசு, வெயிலில் மூக்கு சிவந்திருந்தது. பெண்களின் கையை லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டு, கைக்கு ஒரு களிம்பு கொடுத்தாள். பிறகு கோயில் முற்றத்தில் எல்லோரையும் உட்காரவைத்து, ஒரு படத்தை விரித்துக் காட்டினாள். படத்தில் வளைந்த ஒரு புழு, அதன் மேலெல்லாம் முடி.

"இது கண்ணுக்குத் தெரியாத கிருமி. இதுக்குப் பல்லு கிடையாது, கொடுக்கு கிடையாது. இருக்கிறதெல்லாம் இந்த முடிதான். கடல்ல கிடக்கிறப்ப இந்த முடியால இறால் ஓட்டைப் பிடிச்சுக்கும். நம்ம வயித்துக்குள்ள வந்தா குடலைப் பிடிச்சுக்கும். ஒண்ணோட முடி ஒண்ணோட பின்னிக்கிட்டு, கூட்டமா உட்கார்ந்துக்கும். அது நம்மளத் தின்னாது. விஷத்தை விடும், உடம்புல இருக்கிற தண்ணியெல்லாம் கொட்டிப்போயிடும். ஆள் சாகிறது காய்ஞ்சு போறதாலதாம்மா."

"அப்ப அதுக்கு உள்ளதுதான் நமக்கும் வந்துருக்கு" என்றாள் கூட்டத்தில் ஒருத்தி. "அதும் இறால் ஓட்டப் பிடிக்கு, நம்மளும் இறால் ஓட்டப் பிடிக்கோம். ஒரே தொழில்லா?" கூட்டம் சிரித்தது. டாக்டரம்மா சிரிக்கவில்லை. பருத்தித் துணியை நாலாக மடித்துக் குடத்து வாயில் கட்டித் தண்ணீரை வடிகட்டுங்கள், ஓட்டில் ஒட்டிய கிருமி துணியிலேயே நின்றுவிடும், முடிந்தால் கொதிக்கவையுங்கள், பேதி போகிறவர்களுக்கு உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரை வாந்தி எடுத்தாலும் விடாமல் கொடுத்துக்கொண்டே இருங்கள் என்று சொல்லி, உப்புச் சர்க்கரைப் பொட்டலம் ஒரு பெட்டி கொடுத்துவிட்டுப் போனாள். அந்தப் பெட்டி எந்த மூலைக்குப் போதும்?

பருத்தித் துணிக்குத்தான் கல்லுமுனை விழித்தது. வருஷா வருஷம் கிறிஸ்துமசுக்குக் கம்பெனி ஆளுக்கொரு நைலான் சேலை கொடுக்கும். துவைத்தால் உடனே காயும், கிழியாது, இறால் நாற்றம் நிற்காது. பருத்திச் சேலை கட்டிய காலம் எப்போது முடிந்தது என்று ஒருத்திக்கும் நினைவில்லை. நைலானை நாலாக அல்ல, நாற்பதாக மடித்துக் கட்டினாலும் தண்ணீர் வந்தது மாதிரியே போய்க்கொண்டிருந்தது. ஊரில் பருத்தி இருந்த ஒரே இடம் கோயில் அலமாரி. அங்கே செத்தவர்கள் மேல் போர்த்துகிற கோடித் துணி, வெள்ளை வெளேர் என்று சுருள் சுருளாக அடுக்கியிருந்தது. பிணத்துக்கு உள்ள துணியை அடுப்படிக்குக் கொண்டுபோனால் அந்த வீட்டில் சாவு விழும் என்பது கல்லுமுனையின் வழக்கம். சாவு ஏற்கெனவே வீட்டுக்கு வீடு விழுந்துகொண்டிருந்தது. வழக்கத்தை மட்டும் விட மனசு வரவில்லை.

அந்த வாரத்தில்தான் பூபாலராயர் கிடையில் விழுந்தார். அவருடைய மனைவி அவர் நெஞ்சில் வைத்த கை வியர்வையில் ஒட்டிக்கொண்டது. அவளும் எடுக்க முயலவில்லை. காலையிலிருந்து அப்படியே உட்கார்ந்திருந்தாள். உச்சிப்பொழுதில் கை தானாகக் கழன்றது. குனிந்து பார்த்தாள், அவர் கண் உள்ளே போய், நாடி அடங்கிக் கிடந்தது. அடுத்த தெருவிலும் அப்படியே நடந்தது, அதற்கடுத்த தெருவிலும் நடந்தது. அப்புறம் என்ன, ஊருக்கு ஒரு சட்டம் கிடைத்துவிட்டது: கை பிடித்திருக்கும்வரை உயிர் இருக்கிறது, கை கழன்றால் போய்விட்டது. காய்ந்த பானையிலிருந்தும் காய்ந்த இறாலிலிருந்தும் தினமும் கையைக் கழற்றிக்கொண்டிருந்த பெண்கள் ஒருத்திக்கும் அந்த நேரத்தில் பானை நினைவு வரவில்லை. மனுஷனும் பானையும் ஒன்றா?

சாமியாருக்கு அடுத்தபடியாகக் கோயில் காரியம் பார்க்கிற உபதேசியாருக்கு இந்தச் சட்டம் ரொம்பப் பிடித்துப்போயிற்று. முன்னெல்லாம் ஆள் போனாரா இல்லையா என்று வாசலில் மணிக்கணக்கில் நிற்க வேண்டும். இப்போது உள்ளே இருந்து "கழன்றுட்டு" என்று குரல் வந்ததும் நேரே போய்த் துக்க மணியை அடித்துவிடலாம். கை கழன்றவருக்குத் தண்ணீர் கொடுப்பதை நிறுத்தினார்கள். கை பிடித்திருக்கிறவர்களுக்கே பொட்டலம் போதாதபோது போனவருக்கு எதற்கு என்று சொன்னார்கள், அது நியாயமாகவும் பட்டது. பேதியில் செத்தவரை உடனே புதைக்கச் சொல்லி உத்தரவு இருந்ததால், கோடித் துணியும் சவப்பெட்டியும் வர ஆகிற நேரம்தான் இடைவெளி.

கையில் முடி இல்லாத வீடுகளும் இருந்தன. அவர்கள் முடியுள்ள பெண்ணைக் கூப்பிட்டு நோயாளியின் பக்கத்தில் உட்காரவைத்தார்கள். அப்படிக் கூப்பிட்டவர்கள் எல்லோரும் முதலில் கேட்டது ஞானப்பூவைத்தான். கொட்டகையில் அவள் அளவுக்கு வேகமாக உரிக்கிறவள் கிடையாது, அவள் கையில்தான் முடி மற்றவர்களைவிட அடர்த்தி. அவள் கை பொய் சொல்லாது என்று ஊர் நம்பியது. போன இடத்தில் நாற்காலி போட்டார்கள், ஏலக்காய் போட்டுத் தேநீர் கொடுத்தார்கள், குழாயடியில் வரிசையை விலக்கி அவள் குடத்தை முன்னால் வைத்தார்கள். புருஷன் படகுக்குப் போய்விட, எட்டு வயது மகள் ஜெசிந்தாவோடு தனியாகக் கிடந்தவளுக்கு அந்த மரியாதை பிடிக்கவில்லை என்று சொன்னால் பொய்.

செலஸ்தீனாவின் மகன் இன்னாசிக்கு வந்தபோதும் ஞானப்பூதான் போனாள். இருபது வயசுகூட ஆகாத பையன். முந்தின நாள் கரையில் பந்து விளையாடினவன். விடியுமுன் தொடங்கி, வெயில் ஏறுவதற்குள் கன்னம் ஒட்டி, விரல் தோல் சலவைக்காரர் கை மாதிரி சுருங்கி, ஆளே கிழவனாகிவிட்டான். அவன் கையைப் பிடித்திருந்த ஞானப்பூவின் கை கழன்றது. "கழன்றுட்டு மைனி" என்றாள். வாசலில் நின்ற உபதேசியார் மணியடிக்கப் போனார். செலஸ்தீனா மகனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, உதடு அசையுது பாரு."

"காத்து மைனி. சன்னல் தொறந்து கிடக்குல்லா."

"இல்லட்டி, அசையுது."

"மனசத் தேத்திக்கோங்க மைனி" என்று சொல்லி, ஞானப்பூ எழுந்து சன்னலைச் சாத்தினாள். பெட்டி வந்தது. அன்று மாலைக்குள் எல்லாம் முடிந்தது.

ஜெசிந்தா விழுந்தது அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை. பூசைக்குப் போகும்போது வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவள், பூசை முடிகிற நேரத்தில் எழுந்து நிற்க முடியாமல் கிடந்தாள். ஞானப்பூ மகளை வீட்டுக்குத் தூக்கிவந்து நெஞ்சில் கையை வைத்தாள். கை பிடித்தது. பிடித்த கையோடு ஒரு கையாலேயே துடைத்தாள், ஒரு கையாலேயே பொட்டலத்தைப் பிரித்துக் கலக்கினாள், கொடுத்ததெல்லாம் வெளியே வந்தது, வீட்டில் இருந்த பொட்டலம் தீர்ந்தது. ஊரே அவள் வீட்டு முன்னால் வந்து நின்றது. எத்தனையோ வீட்டில் அசையாமல் உட்கார்ந்து எழுந்து வந்தவள் இப்போது மாதாவை வாய்விட்டுக் கூப்பிட்டாள். மாதாவே, கையை மட்டும் எடுத்துவிடாதே, கேட்டதெல்லாம் செய்கிறேன், கால்நடையாக வேளாங்கண்ணிக்கு வருகிறேன், முடி இறக்குகிறேன் என்று, நேரம் போகப் போக என்ன சொல்கிறோம் என்றே தெரியாமல் வேண்டிக்கொண்டிருந்தாள். மத்தியான வெயில் கூரை இடுக்கில் இறங்கிய நேரத்தில் கை கழன்றது.

அவள் சொல்லவில்லை. வாசலில் நின்ற உபதேசியார் கழன்றதைப் பார்த்துவிட்டார். மணி தொடங்கியது. செலஸ்தீனாதான் கோடித் துணியை வாங்கிக்கொண்டு முதலில் உள்ளே வந்தாள். பெண்கள் சுற்றி உட்கார்ந்து அழ ஆரம்பித்தார்கள். ஞானப்பூ அழாமல் தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முடி படிந்து கிடந்தது, கொட்டகையில் ஃபேனுக்கு முன்னால் நீட்டும்போது படியுமே, அப்படியே. அவள் மகளின் கைத்தோலைக் கிள்ளிப் பார்த்தாள். கிள்ளின இடம் கிள்ளினபடி நின்றது.

"காஞ்சு போச்சு" என்றாள்.

"ஆமாட்டி, பூ மாதிரி இருந்த பிள்ள, காஞ்சுதான் போச்சு" என்று ஒருத்தி பாட்டாக எடுத்தாள்.

"சாவலக்கா, காஞ்சு போயிருக்கு! இறால் காயும்லா, பானை காயும்லா, அதுமாரி காஞ்சுதாம் போயிருக்கு. அதாம் கை நிக்கல. தண்ணி கொண்டாங்க!"

ஒருவரும் எழுந்திருக்கவில்லை. பாவம், பிள்ளை போன வேகத்தில் பேசுகிறாள் என்று பார்த்தார்கள். ஞானப்பூ எழுந்தாள், செலஸ்தீனாவின் கையிலிருந்த கோடித் துணியைப் பிடுங்கினாள், நாலாக மடித்துக் குடத்து வாயில் கட்டினாள். பெண்கள் சிலுவை போட்டுக்கொண்டார்கள். "ஏட்டி, பிணத்துத் துணிட்டி, வீடு விளங்காதுட்டி" என்று ஒருத்தி அவள் முழங்கையைப் பிடித்து இழுத்தாள். ஞானப்பூ உதறிவிட்டு வடிகட்டினாள், ஒரு பிடி சர்க்கரையும் ஒரு கிள்ளு உப்பும் போட்டுக் கலக்கினாள், மகளின் தலையைச் சாய்த்து மடியில் வைத்து, ஒரு கையை மறுபடி அவள் நெஞ்சில் வைத்து, மறு கை விரலை நனைத்து நனைத்து உதட்டுக்குள் சொட்டுவிட்டாள். வெளியே மணி அடித்துக்கொண்டிருந்தது. அவள் சொட்டு சொட்டாக விட்டுக்கொண்டே இருந்தாள். மணி நின்றது, பெட்டி வந்தது, பெட்டியைக் கொண்டுவந்தவர்கள் வாசலிலேயே இறக்கிவைத்துவிட்டுப் பீடி பற்றவைத்தார்கள், அவள் விட்டுக்கொண்டே இருந்தாள். வெயில் தாழ்கிற நேரத்தில், ஜெசிந்தாவின் நெஞ்சில் கிடந்த அவள் உள்ளங்கையில் ஒரு முடி எழுந்து நின்றது. பிறகு ஒன்று. பிறகு கை முழுவதும் சிலிர்த்து, பச்சென்று ஒட்டிக்கொண்டது. ஜெசிந்தா கண்ணைத் திறக்காமல், "எம்மா, உப்புக் கரிக்கு" என்றாள்.

சந்தோஷப்படுவதற்கு வாயைத் திறந்தவர்கள் பாதியில் மூடிக்கொண்டார்கள். ஒவ்வொருத்தியும் தன் வீட்டில் கை கழன்ற நேரத்தை நினைத்தாள். அப்பா, புருஷன், மாமியார், கைக்குழந்தை. கை கழன்றதற்கும் பெட்டி மூடியதற்கும் நடுவில் தான் என்ன செய்துகொண்டிருந்தோம் என்று நினைத்தாள். அழுதுகொண்டிருந்தோம், வேறு என்ன செய்தோம்?

"புதுமை!" என்று கத்தினார் உபதேசியார். "மாதா செய்த புதுமை! அற்புதம்!"

எவ்வளவு பெரிய உதவி அது! எல்லோரும் அந்த வார்த்தையைப் பாய்ந்து பிடித்துக்கொண்டார்கள். செத்த பிள்ளை எழுந்தது என்றால் புதுமை. சாகாத பிள்ளை எழுந்தது என்றால், சாகாதவர்களை அல்லவா இத்தனை நாளும் பெட்டியில் வைத்தோம் என்றாகிவிடும்? ஜெசிந்தா எழுந்து நடந்ததும் வெள்ளைக் கவுன் மாட்டி, தலையில் பூமுடி வைத்து, சப்பரத்துக்கு முன்னால் ஊர்வலமாகக் கூட்டிப்போனார்கள். ஞானப்பூ ஒவ்வொரு வீடாகப் போய், புதுமை இல்லை, தண்ணீர்தான், கை கழன்றால் தண்ணீர் கொடுங்கள் என்று சொன்னாள். பூபாலராயர் மனைவி அவளை வாசலிலேயே நிறுத்தினாள்.

"வாய மூடிக்கிட்டு இருட்டி. உம் பிள்ள பிழைச்சிட்டு. நாங்க ராத்திரி தூங்க வேண்டாமா?"

ஆனால் கல்லுமுனைக்காரர்கள் மடையர்கள் இல்லை. கோயில் அலமாரிக் கோடித் துணி யாரும் கேட்காமல், யாரும் கொடுக்காமல், துண்டு துண்டாகக் குறைந்தது. வீட்டுக்கு வீடு குடத்து வாயில் நாலு மடிப்பு வெள்ளைத் துணி ஏறியது. கை கழன்றவர்களுக்கு உப்புச் சர்க்கரைத் தண்ணீர் சொட்டுவிட்டார்கள், பெரும்பாலானவர்கள் எழுந்தார்கள், எழுந்தபோதெல்லாம் ஊர் "புதுமை" என்றது. அதற்குப் பிறகு அங்கே தினம் ஒரு புதுமை நடந்தது, மாதாவுக்கு ஓய்வே இல்லை. வாந்திபேதி மெதுவாக நின்றது. கம்பெனி சாக்கடைக்கு மேல் ஒரு சிமெண்ட் பலகை போட்டு மூடி, அதன்மேல் தன் பெயரை எழுதிவைத்தது. குழாய் அடியில் உடைந்தபடியே கிடந்தது.

செலஸ்தீனா மட்டும் எந்தப் புதுமைக்கும் வரவில்லை. ஒரு நாள் காலையில், கம்பெனிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த ஞானப்பூவின் அடுப்படியில் வந்து நின்றாள். இளைத்துப்போயிருந்தாள்.

"ஒண்ணு கேக்கேன், உண்மையச் சொல்லுவியா?"

ஞானப்பூ கையிலிருந்த தூக்குவாளியைக் கீழே வைத்தாள்.

"அன்னைக்கு எம் மவன் உதடு அசஞ்சுதுல்லா. காத்தாட்டி அது?"

ஞானப்பூவுக்குப் பொய் சொல்லத்தான் ஆசை. காற்றுதான் மைனி, ஜெசிந்தாவுக்கு நடந்தது புதுமைதான் மைனி என்று சொல்லிவிட்டால், இரண்டு வீடும் எப்படியோ பிழைத்துப்போகும். சொல்வதற்கு வாயைத் திறந்தாள். சன்னலைச் சாத்தின சத்தம் காதுக்குள் கேட்டது. சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்து, முகத்தைச் சேலைக்குள் மூடிக்கொண்டு அழுதாள்.

செலஸ்தீனா அவளைத் திட்டவில்லை, அடிக்கவும் இல்லை. குடத்து வாயில் கட்டியிருந்த வெள்ளைத் துணியைத் தடவிப் பார்த்தாள். வடித்து வைத்திருந்த தண்ணீரை ஒரு செம்பில் மொண்டாள், அலமாரியில் சர்க்கரை எங்கே இருக்கும் என்று அவளுக்குத் தெரியும், எடுத்துப் போட்டாள், ஒரு கிள்ளு உப்பும் போட்டாள், விரலால் கலக்கினாள். "எந்திரி, வா" என்றாள். கம்பெனிச் சங்கு ஊதியது. இரண்டு பேரும் கம்பெனி வாசலைத் தாண்டிக் கல்லறைத் தோட்டத்துக்குப் போனார்கள்.

இன்னாசியின் குழிமேடு வெயிலில் வெடித்துக் கிடந்தது. செலஸ்தீனா தலைமாட்டில் உட்கார்ந்து, செம்பைச் சாய்த்து, கொஞ்சம் கொஞ்சமாக, புரையேறிவிடக் கூடாது என்பது போல நிறுத்தி நிறுத்தி ஊற்றினாள். மண் குடித்தது. பிறகு ஞானப்பூவின் கையை இழுத்து அந்த ஈர மண்ணின் மேல் வைத்து அழுத்தினாள்.

"பிடிக்கா?" என்று கேட்டாள்.

முடி சிலிர்த்து, ஈரத்தைக் கவ்வியது. ஞானப்பூவால் கையை அசைக்க முடியவில்லை.

"பிடிக்கு மைனி" என்றாள்.

செலஸ்தீனா தலையை ஆட்டினாள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது, இன்னும் கொஞ்ச நேரத்தில் மண் காய்ந்துவிடும். அவள் எழுந்து, வெறும் செம்பை எடுத்துக்கொண்டு, "காயவிட்டுராதட்டி, இந்தா வந்துட்டேன்" என்று சொல்லிவிட்டு, தண்ணீர் எடுக்க வீட்டைப் பார்த்து ஓடினாள்.